பாட்டை இலவசமாக இறக்கினால் யாருக்கு நஷ்டம்?

பாட்டை இணையத்தில் இலவசமாகப் பகிர்வது சரியா, தவறா என்ற சண்டைக்கு வயது இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது. நினைத்த பாட்டை நினைத்த நொடியில் கைபேசியில் கேட்டுவிடும் இன்றைய இளைஞர்களுக்கு, இதற்காகவா இத்தனை வழக்கு, இத்தனை கோபம் என்று தோன்றலாம். ஆனால் அவர்கள் கேட்கும் செயலி, அதற்குக் கட்டும் மாதச் சந்தா, நடுநடுவே வரும் விளம்பரம் எல்லாமே அந்தச் சண்டையின் விளைவுகள்தான். அதை முதலிலிருந்து தெரிந்துகொண்டால், இன்று ஒரு பாட்டைக் கேட்கும்போது யாருக்கு என்ன போகிறது என்பதும் விளங்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரசிகர் காசு கொடுத்தாரா இல்லையா என்பதைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். கொடுத்த காசு பாட்டை உருவாக்கியவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டவர்கள் குறைவு. அந்தக் கேள்வியை ஓரமாக ஒதுக்கி வைத்ததால்தான் விவகாரம் இன்னும் தீராமல் கிடக்கிறது.

பாட்டு சுருங்கிய கதை

கொஞ்சம் கணக்கு பார்ப்போம். சிடியில் ஒரு பாட்டைப் பதியும்போது ஒலியை நொடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டாக எழுதி வைக்கிறார்கள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு தடங்கள். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 14 லட்சம் பிட்டுக்கு மேல் வரும். நாலு நிமிஷப் பாட்டு ஒன்று சுமார் 42 எம்பி ஆகிவிடும்.

1990-களின் கடைசியில் பெரும்பாலான வீடுகளில் இருந்தது தொலைபேசி வழியாக இயங்கும் டயல்-அப் இணைப்பு. நொடிக்கு 5 கிலோபைட் கிடைத்தால் நல்ல நாள். அந்த வேகத்தில் 42 எம்பி இறங்க இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் வீட்டில் யாராவது ரிசீவரை எடுத்துவிட்டால் இணைப்பு அறுந்துபோகும். இந்த நிலையில் யாரும் யாருக்கும் பாட்டு அனுப்பப் போவதில்லை. இசை நிறுவனங்கள் நிம்மதியாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த நிம்மதியைக் குலைத்தது எம்பி3. ஜெர்மனியில் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் உள்ளிட்ட பொறியாளர்கள் மனிதக் காதின் ஒரு பலவீனத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள். உரத்த ஒலி ஒன்று வரும் கணத்தில், அதற்கு நெருக்கமான அலைவரிசையில் மெல்லிதாக வேறொன்று ஒலித்தாலும் நமக்குக் கேட்காது. கேட்காத ஒன்றை எதற்குச் சேமிக்க வேண்டும்? அதையெல்லாம் கழித்து எழுதினார்கள். நொடிக்கு 128 கிலோபிட் என்ற அளவில் வைத்தால் அதே நாலு நிமிஷப் பாட்டு 4 எம்பிக்குள் அடங்கிவிடும். டயல்-அப்பிலேயே 13 நிமிஷத்தில் இறங்கிவிடும். கோப்பின் பெயருக்குப் பின்னால் எம்பி3 என்று போடுவது என்று 1995 ஜூலையில் முடிவு செய்தார்கள். நாலே வருஷத்தில் அந்த மூன்றெழுத்து உலகம் முழுக்கத் தெரிந்த சொல்லாகிவிட்டது.

நாப்ஸ்டர் என்ன செய்தது?

பாட்டு சுருங்கினாலும் அது எந்தக் கணினியில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமே. அந்தச் சிக்கலைத் தீர்த்தவர் ஷான் ஃபேனிங். பாஸ்டனில் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்ட 18 வயதுப் பையன். நண்பர் ஷான் பார்க்கரோடு சேர்ந்து 1999 ஜூனில் அவர் வெளியிட்ட மென்பொருள்தான் நாப்ஸ்டர்.

அது வேலை செய்த விதத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பின்னால் வந்த வழக்கெல்லாம் இதைச் சுற்றித்தான் நடந்தது. நாப்ஸ்டரின் கணினிகளில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. நீங்கள் மென்பொருளைத் திறந்ததும், உங்கள் கணினியில் பகிர்வதற்கென்று வைத்திருக்கும் பாட்டுகளின் பெயர்ப் பட்டியல் மட்டும் நாப்ஸ்டருக்குப் போகும். இன்னொரு ஊரில் ஒருவர் அந்தப் பாட்டைத் தேடினால், 'இன்னாரிடம் இருக்கிறது' என்று நாப்ஸ்டர் காட்டிக் கொடுக்கும். அப்புறம் பாட்டு உங்கள் கணினியிலிருந்து அவர் கணினிக்கு நேராகப் போய்விடும். நாப்ஸ்டர் வழியாகக்கூடப் போகாது. உச்சத்தில் சுமார் 8 கோடிப் பேர் பதிவு செய்து பயன்படுத்தினார்கள்.

தமிழ்நாட்டில் கேசட் காலத்தில் வளர்ந்தவர்களுக்குப் பாட்டை நகலெடுப்பது புதிதல்ல. பிடித்த பாட்டுகளை ஒரு தாளில் எழுதி, காலி கேசட்டோடு ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்துவிட்டு, ரெண்டு நாள் கழித்து வாங்கிவந்த தலைமுறை அது. 60 நிமிஷக் கேசட்டில் கடைசிப் பாட்டு பல்லவியோடு நின்றுபோனதும் பலருக்கு ஞாபகம் இருக்கும். அதிலும் யாரும் இசையமைப்பாளருக்குப் பணம் அனுப்பவில்லை. ஆனால் கேசட்டைப் பார்த்துக் கேசட் எடுத்தால் ஒவ்வொரு நகலுக்கும் இரைச்சல் கூடும். நகலெடுக்க நேரமும் கடையும் வேண்டும். இணையத்தில் ஆயிரமாவது நகலும் முதல் நகல் மாதிரியே இருக்கும். அதை வாங்கிக்கொள்பவர் உங்களுக்கு முகம் தெரியாதவர். இந்த அளவு மாற்றம்தான் பழைய பழக்கத்தைப் புதிய சண்டையாக்கியது.

ஒரு பாட்டுக்கு எத்தனை சொந்தக்காரர்கள்?

சட்டத்தில் ஒரு பாட்டு என்பது ஒரே பொருள் கிடையாது. மெட்டும் வரிகளும் சேர்ந்த படைப்பு தனி. அதை ஒரு ஸ்டுடியோவில் பாடி, வாசித்துப் பதிந்த ஒலிப்பதிவு தனி. படைப்பின் உரிமை இசையமைப்பாளரிடமும் பாடலாசிரியரிடமும் தொடங்குகிறது. ஒலிப்பதிவின் உரிமை வழக்கமாகச் செலவு செய்து பதிந்த நிறுவனத்திடம் இருக்கும். பல சமயம் இரண்டுமே ஒப்பந்தம் போட்டுக் கைமாறியிருக்கும்.

2017-ல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனபோது, 'பாடியவரே மேடையில் பாடக்கூடாதா?' என்று பலர் குழம்பியது இந்த வேறுபாடு பரவலாகத் தெரியாததால்தான். ஒரு பாட்டைப் பாடிப் புகழ்பெற்றவரும், அந்த மெட்டுக்கு உரிமை கோருபவரும், அதன் ஒலிப்பதிவுக்கு உரிமை கொண்டாடுபவரும் மூன்று வெவ்வேறு ஆட்களாக இருக்க முடியும்.

ஆக, நாப்ஸ்டரில் ஒரு பாட்டு ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது இரண்டு உரிமைகளும் ஒருசேர மீறப்படுகின்றன. இறக்குபவர் அனுமதியில்லாமல் நகலெடுக்கிறார். பகிர்பவர் அனுமதியில்லாமல் விநியோகிக்கிறார்.

1999 டிசம்பரில் அமெரிக்க இசை நிறுவனங்கள் வழக்குப் போட்டன. வாங்குவதற்கு முன் கேட்டுப் பார்க்கத்தான் பயனர்கள் இறக்குகிறார்கள், ஏற்கெனவே சிடியாக வைத்திருப்பதை வேறு இடத்திலிருந்து கேட்கத்தான் இறக்குகிறார்கள் என்றெல்லாம் நாப்ஸ்டர் வாதாடியது. எடுபடவில்லை. அதன் பெரிய ஆயுதம் 1984-ல் வந்த ஒரு தீர்ப்பு. சோனி நிறுவனத்தின் வீடியோ ரெக்கார்டரில் மக்கள் டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்கிறார்கள் என்று ஹாலிவுட் தொடுத்த வழக்கில், சட்டத்துக்கு உட்பட்ட உபயோகமும் கணிசமாக உள்ள ஒரு கருவியை விற்றதற்காக விற்றவரைப் பொறுப்பாக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. நாங்களும் அதே போலக் கருவி கொடுத்தவர்கள்தானே என்பது நாப்ஸ்டரின் கேள்வி.

அங்கேதான் அந்தப் பெயர்ப் பட்டியல் காலை வாரியது. சோனி ரெக்கார்டரை விற்றதோடு அதன் வேலை முடிந்தது. வாங்கியவர் வீட்டில் என்ன பதிகிறார் என்று அதற்குத் தெரியாது. நாப்ஸ்டரின் கணினியிலோ யாரிடம் எந்தப் பாட்டு இருக்கிறது என்ற பட்டியல் ஒவ்வொரு நிமிஷமும் ஓடிக்கொண்டிருந்தது. தெரிந்திருந்தது, தடுக்கவும் முடிந்திருக்கும், தடுக்கவில்லை. 2001 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இப்படித்தான் பார்த்தது. அந்த ஜூலையில் நாப்ஸ்டர் சேவையை நிறுத்தியது. அடுத்த வருஷம் திவாலானது.

இதிலிருந்து மென்பொருள் எழுதுபவர்கள் கற்றுக்கொண்ட பாடம் நிறுவனங்கள் எதிர்பாராதது. மையப் பட்டியல் இருந்தால்தானே வம்பு? அதை எடுத்துவிட்டார்கள். நுடெல்லா, கஸா போன்ற புதிய பகிர்வு வலைகளில் தேடும் வேலையையும் பயனர்களின் கணினிகளே பங்கு போட்டுக்கொண்டன. கையைப் பிடித்து நிறுத்த நடுவில் ஆளே இல்லை. இதற்கும் 2005-ல், அதே வகை மென்பொருளான கிராக்ஸ்டர் மீதான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு வழி கண்டது. கருவி எப்படிக் கட்டப்பட்டிருந்தாலும் சரி, உரிமையை மீறச் சொல்லி மக்களைத் தூண்டி அதை வளர்த்திருந்தால் நீயே பொறுப்பு என்றது. ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்ன தீர்ப்பு அது.

இது திருட்டா?

எல்லா விவாதமும் கடைசியில் இந்தக் கேள்வியில் வந்து முட்டும். கடையில் ஒரு சிடியை எடுத்து மறைத்துக்கொண்டால் கடைக்காரரிடம் ஒரு சிடி குறையும். பாட்டை நகலெடுத்தால் யாரிடமும் எதுவும் குறைவதில்லை. ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கின் வெளிச்சம் குறையுமா என்று கேட்பவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள்.

இதில் நீதிமன்றமே ஓரளவு அவர்கள் பக்கம் நின்றிருக்கிறது. எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டுகளை அனுமதியில்லாமல் இசைத்தட்டாக அச்சிட்டு மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பிய ஒருவர் மீது 'திருட்டுப் பொருள் கடத்தல்' சட்டம் பாயுமா என்ற வழக்கு 1985-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பாயாது என்றது நீதிமன்றம். பதிப்புரிமையை மீறுவது குற்றம்தான், ஆனால் பொருளைத் திருடுவதும் அதுவும் ஒன்றாகாது, அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது என்பது அதன் விளக்கம்.

எனவே 'இது அப்பட்டமான திருட்டு' என்று நிறுவனங்கள் விளம்பரம் செய்தது சட்டப்படி மிகை. ஆனால் 'யாருக்கும் நஷ்டமில்லை' என்பதையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. முதல் நகலை உண்டாக்கத்தான் செலவு முழுவதும். வயலின் வாசித்தவருக்குச் சம்பளம், ஸ்டுடியோ வாடகை, ஒலிக்கலவை செய்தவர் கண்விழித்த ராத்திரிகள் எல்லாம் அந்த ஒன்றில் இருக்கின்றன. அதற்குப் பிறகு நகலெடுக்கச் செலவில்லை என்பதால் முதல் செலவு மறைந்துவிடாது.

கலைஞர்கள் எந்தப் பக்கம்?

இரண்டு பக்கமும் இருந்தார்கள். இந்தச் சண்டையில் என்னை மிகவும் யோசிக்க வைத்த பகுதி இதுதான்.

மெட்டாலிகா குழுவின் பாட்டு ஒன்று முடிவடையாத நிலையிலேயே கசிந்து நாப்ஸ்டரில் பரவி, வானொலி நிலையங்களில் ஒலிக்கத் தொடங்கியது. 2000 ஏப்ரலில் குழு வழக்குத் தொடுத்தது. மே மாதம் டிரம்மர் லார்ஸ் உல்ரிக், தங்கள் பாட்டுகளைப் பகிர்ந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்களின் பெயர்களை அச்சிட்டுப் பெட்டி பெட்டியாக நாப்ஸ்டர் அலுவலகத்துக்குக் கொண்டுபோய் இறக்கினார். ரசிகர்களையே காட்டிக் கொடுக்கிறார், பணத்தாசை பிடித்தவர் என்று அவரைத் திட்டித் தீர்த்தார்கள். ஆனால் அவர் கேட்டது எளிமையான விஷயம்: என் பாட்டு எப்போது, எந்த வடிவில் வெளியே போக வேண்டும் என்பதை முடிவு செய்ய வேண்டியது நான்தானே? அதில் நியாயம் இருந்தது.

பப்ளிக் எனிமி குழுவின் சக் டி நேர் எதிர்ப்பக்கம். நாப்ஸ்டர் புதுவகை வானொலி, பெரிய நிறுவனங்கள் கதவைச் சாத்திய கலைஞர்களுக்கு அது வாசல் என்று அவர் எழுதினார், மேடைகளில் வாதிட்டார்.

2000 ஜூலையில் அமெரிக்க செனட் குழு நடத்திய விசாரணையில் உல்ரிக்கோடு இன்னொரு இசைக்கலைஞரும் சாட்சி சொன்னார். 1960-களில் தி பேர்ட்ஸ் குழுவை நடத்திய ராஜர் மெக்குயின். தரவரிசையில் முதலிடம் பிடித்த பாட்டுகளைக் கொடுத்தவர் அவர். அந்த ஆல்பங்களுக்கெல்லாம் தனக்குக் கிடைத்தது ஆரம்பத்தில் கொடுத்த சுமாரான முன்பணம் மட்டுமே, அதற்கு மேல் ராயல்டி என்று பெரிதாக எதுவும் வரவில்லை என்றார். மாறாக, எம்பி3.காம் என்ற இணையதளம் தன் பாட்டுகளுக்குச் சரிபாதி தர ஒப்புக்கொண்டதாகச் சொன்னார்.

முதலிடம் பிடித்த பாட்டுக்கும் ராயல்டி வராமல் போவது எப்படி? முன்பணம் என்பது கலைஞருக்கு நிறுவனம் கொடுக்கும் கடன் மாதிரி. ஆல்பம் விற்றால் கலைஞருக்கு ஒரு சிறு சதவீதம் உண்டு. ஆனால் முன்பணம், ஸ்டுடியோ செலவு, பல சமயம் வீடியோ செலவின் ஒரு பகுதி எல்லாம் கலைஞரின் அந்தச் சிறு பங்கிலிருந்தே முதலில் கழிக்கப்படும். அது முழுசாகக் கழியும்வரை அவருக்கு ஒரு காசும் வராது. நிறுவனம் தன் பெரிய பங்கில் லாபம் பார்த்துவிட்ட பிறகும், கலைஞரின் கணக்குப் புத்தகத்தில் அவர் கடன்காரராகவே இருக்கலாம். ஒலிப்பதிவோ கடைசிவரை நிறுவனத்துக்கே சொந்தம்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு 'இறக்கினால் கலைஞர் வயிற்றில் அடிக்கிறாய்' என்ற வாசகத்தைக் கேட்கும்போது கேள்வி எழத்தான் செய்யும். அதே சமயம், நிறுவனம் கலைஞருக்கு நூற்றுக்குப் பத்துக் கொடுத்தது என்பதற்காக நான் சுழியம் கொடுப்பது நியாயமாகிவிடாது. பகிர்ந்தவர்கள் பலர் இந்த இடத்தைத் தாண்டி யோசிக்கவே இல்லை.

விற்பனை குறைந்ததா?

1999-ல் அமெரிக்காவில் பதிவிசை வருமானம் 1,460 கோடி டாலர். 2014-ல் அது 700 கோடிக்கும் கீழே. இவ்வளவையும் இலவசப் பகிர்வின் தலையில் கட்டலாமா என்பது பொருளாதார நிபுணர்கள் பல வருஷம் மோதிக்கொண்ட கேள்வி.

ஃபீலிக்ஸ் ஓபர்ஹோல்சர்-கீ, கோல்மன் ஸ்ட்ரம்ப் ஆகிய இருவர் செய்த ஆய்வு புகழ்பெற்றது. அதிகம் இறக்கப்படும் பாட்டுகளே அதிகம் விற்கவும் செய்யும் என்பதால், ஒன்றால் மற்றது குறைகிறதா என்று நேராகப் பார்க்க முடியாது. அவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஜெர்மனியில் பள்ளி விடுமுறை விட்டால் அங்குள்ள பையன்கள் வீட்டில் உட்கார்ந்து கணினியைத் திறந்து வைப்பார்கள். அப்போது பகிரக் கிடைக்கும் கோப்புகள் கூடும், அமெரிக்கர்களுக்கு இறக்குவது எளிதாகும். ஜெர்மன் விடுமுறைக்கும் அமெரிக்கக் கடை விற்பனைக்கும் வேறு தொடர்பே கிடையாது. ஆகவே அந்த வாரங்களில் அமெரிக்காவில் ஆல்பம் விற்பனை சரிந்தால் இறக்குவதுதான் காரணம் என்று சொல்லலாம். கணக்குப் போட்டால், பாதிப்பு கிட்டத்தட்ட சுழியம் என்று வந்தது. டெக்சாஸின் ஸ்டான் லீபோவிட்ஸ் போன்றவர்கள் இந்த முடிவைக் கடுமையாக மறுத்தார்கள். மற்ற ஆய்வுகளில் பெரும்பாலானவை பகிர்வு விற்பனையைக் குறைத்தது என்றே கண்டன. எவ்வளவு என்பதில்தான் ஒற்றுமை இல்லை.

எனக்கு அந்தப் பெரும்பான்மையே சரி என்று படுகிறது. கூடவே ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நல்ல பாட்டுக்காகப் பதினைந்து டாலர் கொடுத்து முழு சிடியை வாங்க வைத்த வியாபாரம் அது. பாட்டுகளைத் தனித்தனியாக வாங்கலாம் என்று வந்தவுடனே, சட்டப்படி வாங்குபவர்களிடமும் அந்தப் பதினைந்து டாலர் போய்விட்டது.

ரசிகர்கள் மீதே வழக்கு

2003 செப்டம்பரில் அமெரிக்க இசை நிறுவனங்களின் சங்கம் 261 தனிநபர்கள் மீது வழக்குப் போட்டது. அவர்களில் நியூயார்க்கைச் சேர்ந்த 12 வயதுச் சிறுமியும் ஒருத்தி. அவள் குடும்பம் 2,000 டாலர் கட்டிச் சமாதானமாகப் போனது. அடுத்த ஐந்து வருஷத்தில் இப்படி முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாட்டினார்கள்.

ஏன் பெரும்பாலோர் சமாதானத்துக்குப் போனார்கள்? அமெரிக்கச் சட்டப்படி, உண்மையில் எவ்வளவு நஷ்டம் என்று நிரூபிக்காமலே ஒரு படைப்புக்கு 750 டாலரிலிருந்து, வேண்டுமென்றே செய்ததாகத் தெரிந்தால் 1,50,000 டாலர்வரை இழப்பீடு கேட்கலாம். இந்தத் தொகை வீட்டிலிருக்கும் சாதாரண மனிதர் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு மினசோட்டா மாநிலத்துப் பெண் ஒருவரின் வழக்கு சாட்சி. 24 பாட்டுகள். 2007-ல் ஜூரி விதித்தது 2,22,000 டாலர். மறு விசாரணையில் 2009-ல் இன்னொரு ஜூரி 19,20,000 டாலர் என்றது. பாட்டுக்கு 80,000. கடைசியில் 2012-ல் மேல்முறையீட்டில் மறுபடி 2,22,000 ஆக நின்றது. அந்த 24 பாட்டுகளையும் அன்றைய இணையக் கடையில் வாங்கியிருந்தால் 24 டாலருக்குள் முடிந்திருக்கும்.

சட்டம் அனுமதித்தது என்பதற்காக ஒரு செயல் நியாயமாகாது. இந்த வழக்குகள் பகிர்வை நிறுத்தவில்லை. இசை நிறுவனம் என்றாலே மக்களுக்கு வெறுப்பு வரச் செய்தன. 2008 கடைசியில் சங்கமே இந்த முறையைக் கைவிட்டது.

விலையும் வசதியும்

பகிர்வை உண்மையில் குறைத்தது எது என்று பார்த்தால், நீதிமன்றத்தைவிடக் கடைதான் அதிகம் சாதித்தது. 2003 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் இரண்டு லட்சம் பாட்டுகளோடு ஐட்யூன்ஸ் கடையைத் திறந்தது. ஒரு பாட்டு 99 சென்ட். முதல் வாரத்திலேயே பத்து லட்சம் பாட்டுகள் விற்றன. இலவசமாகக் கிடைக்கும் பொருளை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று பேசியவர்களுக்கு அதில் பதில் இருந்தது. வைரஸ் பயமில்லாமல், பாதியில் அறுந்துபோகாமல், சரியான பாட்டு உடனே கிடைத்தால் மக்கள் வாங்குகிறார்கள். 2007-ல் ரேடியோஹெட் குழு தன் புதிய ஆல்பத்தை இணையத்தில் வைத்து, விலையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்றது. சுழியம் என்றும் போடலாம். ஆனாலும் காசு கொடுத்தவர்கள் நிறையப் பேர்.

2008 அக்டோபரில் ஸ்பாட்டிஃபை வந்தது. பகிர்வுக்குப் பேர்போன ஸ்வீடனிலேயே அது பிறந்தது தற்செயல் கிடையாது. பாட்டை வாங்கவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம், கேட்டால் போதும். விளம்பரத்தோடு இலவசம், இல்லாவிட்டால் மாதச் சந்தா. உலக அளவில் பதிவிசை வருமானம் மறுபடி ஏறத் தொடங்கி, 2023-ல் 2,860 கோடி டாலரைத் தொட்டது. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஸ்ட்ரீமிங்கிலிருந்து வந்தது. நிறுவனங்களின் பிரச்சினை தீர்ந்துவிட்டது.

கலைஞர்களின் பிரச்சினை? நீங்கள் மாதம் 100 ரூபாய் கட்டி, அந்த மாதம் முழுவதும் ஒரே ஒரு சிறிய நாட்டுப்புறக் குழுவின் பாட்டுகளை மட்டும் கேட்டதாக வைத்துக்கொள்வோம். செயலி தன் பங்கை எடுத்தது போக மீதி அந்தக் குழுவுக்குப் போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பெரும்பாலான சேவைகளில் அப்படி நடப்பதில்லை. எல்லாச் சந்தாவும் ஒரே குவியலாகச் சேரும். அந்த நாட்டில் அந்த மாதம் கேட்கப்பட்ட மொத்தத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் எத்தனை பங்கு என்று பார்த்துப் பிரிப்பார்கள். இரவும் பகலும் கோடிக்கணக்கில் ஓடும் பாட்டுகளுக்கே குவியலில் பெரும்பகுதி போகும். உங்கள் 100 ரூபாயும் அதில் கலந்து, நீங்கள் ஒருமுறைகூடக் கேட்காத நட்சத்திரத்திடம் போய்ச் சேரும். பிரித்த பணமும் நேராகக் கலைஞரிடம் போகாமல் உரிமை வைத்திருக்கும் நிறுவனத்திடம் போகும். அதற்குப் பிறகு மேலே சொன்ன அதே ஒப்பந்தக் கணக்கு. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் ஆயிரம் தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டியே கிடையாது. கேட்பவரின் காசு அவர் கேட்ட கலைஞருக்கே போகும்படி பிரிக்கும் முறையை 2021-ல் சவுண்ட்கிளவுட் கொண்டுவந்தது. பெரிய சேவைகள் அதைப் பொதுவான முறையாக ஏற்கவில்லை.

பாரதி பாட்டும் 2012 சட்டமும்

பாட்டு எல்லோருக்கும் இலவசமாக வேண்டும் என்று கேட்டவர்கள் இணையத்துக்கு முன்பும் இருந்தார்கள். 1940-களில் பாரதி பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஏவி.எம். நிறுவனத்தின் மெய்யப்பனிடம் இருந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் பாரதி பாட்டைப் பயன்படுத்தியபோது உரிமைத் தகராறு வந்தது. மகாகவியின் பாட்டு ஒரு கம்பெனிக்குச் சொந்தமா என்று தமிழ் எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் கிளர்ந்தார்கள். 1949-ல் சென்னை மாகாண அரசு உரிமைகளைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. பாரதியின் குடும்பத்துக்குப் பணமும் கொடுத்தது. பின்னர் அவர் எழுத்துகள் எல்லோருக்கும் பொதுவாயின. பாட்டை மக்களுக்கு இலவசமாக்கிய அரசு, கவிஞரின் குடும்பத்தை மறக்கவில்லை. இலவசப் பகிர்வுக்காக வாதாடுபவர்கள் இந்த இரண்டாவது பாதியையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று விரும்புகிறேன்.

திரைப்பாட்டு விஷயத்தில் இந்தியாவில் நெடுங்காலம் நடந்தது வேறு. ஒரு தொகையை வாங்கிக்கொண்டு எல்லா உரிமையையும் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதுதான் இசையமைப்பாளர், பாடலாசிரியர்களின் வழக்கம். அப்புறம் பாட்டு எத்தனை கோடி சம்பாதித்தாலும் எழுதியவருக்கு எதுவும் வராது. 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். மாநிலங்களவை உறுப்பினராக இருந்த பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் இதற்காக விடாமல் போராடினார். திரையரங்கில் படத்தோடு ஓடுவது தவிர்த்து, பாட்டு வேறு வழிகளில் பயன்படும்போது வரும் ராயல்டியில், உரிமையை வாங்கியவரோடு பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சம பங்கு உண்டு. அதை யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது, வாரிசுக்கோ ராயல்டி வசூலிக்கும் சங்கத்துக்கோ தவிர. ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருந்தாலும் அந்தப் பகுதி செல்லாது. நாப்ஸ்டர் சண்டையில் அமெரிக்கக் கலைஞர்கள் பலர் ஏங்கிய பாதுகாப்பில் ஒரு துண்டு இது.

சரி, எதை இறக்கலாம்?

உரிமையாளரே அனுமதித்ததைத் தாராளமாக இறக்கலாம், பகிரலாம். கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற உரிம முறை 2002 முதல் இருக்கிறது. அதில் ஒரு கலைஞர் 'என் பெயரைச் சொல்லிப் பகிருங்கள்', 'வியாபாரத்துக்குப் பயன்படுத்தாதீர்கள்' என்று தன் நிபந்தனையைத் தானே போடுகிறார். நைன் இன்ச் நெய்ல்ஸ் குழு 2008-ல் 36 இசைத்துண்டுகள் கொண்ட ஒரு தொகுப்பை இந்த உரிமத்தில் வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் சட்டப்படியே பகிரலாம். அதே தொகுப்பின் 300 டாலர் சிறப்புப் பதிப்பு 2,500 பிரதிகளும் சில நாட்களில் விற்றுத் தீர்ந்தன.

காலம் முடிந்து பொதுவானவையும் உண்டு. இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு வெளியான வருஷத்திலிருந்து 60 வருஷம், மெட்டுக்கும் வரிகளுக்கும் உரியவர் இறந்ததிலிருந்து 60 வருஷம். இங்கேயும் இரண்டு உரிமையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். 1955-ல் வந்த இசைத்தட்டின் ஒலிப்பதிவு உரிமை முடிந்திருக்கும். அதை எழுதியவர் 1980-ல் இறந்திருந்தால் வரிகளின் உரிமை இன்னும் உயிரோடு இருக்கும்.

பிடித்த சிறு கலைஞருக்குக் காசு நேராகப் போக வேண்டும் என்று நினைப்பவர்கள் பேண்ட்கேம்ப் போன்ற தளங்களைப் பார்க்கலாம். அங்கே பாட்டை வாங்கினால் கோப்பாகவே கிடைக்கும், எம்பி3 வடிவிலும் கிடைக்கும். தளம் எடுத்துக்கொள்வது வழக்கமாக 15 சதவீதம். பணப் பரிமாற்றக் கட்டணம் போக மீதி கலைஞருக்கோ அவருடைய சிறு நிறுவனத்துக்கோ போகிறது. 2020 மார்ச்சில், கொரோனாவால் மேடைக் கச்சேரிகள் நின்றபோது, குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைகளில் அந்த 15 சதவீதத்தையும் விட்டுக்கொடுக்கத் தொடங்கினார்கள். மேடை நிகழ்ச்சிகள் திரும்பிய பிறகும் அந்த வெள்ளிக்கிழமைகள் தொடர்ந்தன.